அட்டைப்படத்தில் விழுந்த மாமா

என் மாமா பள்ளத்தில் விழுந்து சாகப்போகிற செய்தி, ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தின் பின்னட்டையில் வண்ணத்தில் அச்சாகி எங்கள் ஊருக்கு வந்தது. சேலத்திலிருந்து வரும் காலை பஸ்ஸில் பத்திரிகைக் கட்டோடு கட்டாக வந்து, ஏற்காடு கடைவீதியில் கயிற்றில் தொங்கியது. அதை மாமாவே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தார். சாகப்போகிற ஒருவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

‘அடுத்த வெளியீடு’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, அதன் கீழே ஒரு மலைப் பள்ளம். விளிம்பில் பாதி வெளியே நீட்டிக்கொண்டு ஒரு ஜீப். அதிலிருந்து தூக்கி எறியப்பட்டு, இரண்டு கைகளையும் விரித்து, வாயைப் பிளந்தபடி ஒருவர் கீழே போய்க்கொண்டிருக்கிறார். அது எங்கள் மாமா. மாமா மாதிரி வேறு யாரோ அல்ல. பச்சைக் கட்டம் போட்ட கைலி, அம்மா பின்னிக்கொடுத்த காப்பிப்பொடி நிற ஸ்வெட்டர், அதில் தொலைந்துபோன பொத்தானுக்குப் பதிலாக அம்மா தைத்த வெள்ளைப் பொத்தான் வரை எல்லாம் அச்சு அசலாக இருந்தது.

போன கோடையில் ஓவியர் ஒருவர் லாட்ஜில் வந்து தங்கி, மாமாவின் ஜீப்பை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சேர்வராயன் கோயில், செம்மநத்தம் என்று சுற்றியிருக்கிறார். போகிற இடமெல்லாம் நிறுத்தச் சொல்லி மரம், பாறை, படகு என்று வரைந்துகொண்டே வந்தாராம். கடைசியில் மாமாவையே ஒரு பாறைமேல் ஏற்றிவிட்டார். அத்தா, அதாவது என் அப்பா, கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்தார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மாமா அந்தக் கதையைச் சொல்லித் தீர்த்தார்.

“கைய மேல தூக்குங்க, வாயத் தொறங்க, கத்துங்கன்னாருங்க. நான் கத்துன கத்துல கீழ மேஞ்சுட்டிருந்த ஆடெல்லாம் ஓடிப்போச்சுங்க. இப்ப பாருங்க, என்ற மூஞ்சி மெட்ராஸ் வரைக்கும் போவுது!”

மாமா அம்மாவின் ஒரே தம்பி. அவரைப் பெற்ற சூட்டோடு அவர்களுடைய தாயார் போய்விட, பாவாடை கட்டிய வயதிலேயே அம்மா அவரை இடுப்பில் தூக்கி வளர்த்திருக்கிறாள். எனவே மாமா புத்தகத்தை முதலில் அவளிடம்தான் கொண்டுவந்து நீட்டினார். அம்மா ஒரு தடவை பார்த்தாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எடுறா அந்தப் பக்கம். உருவப்படம் இருக்கற ஊட்டுக்கு மலக்குமாருங்க வர மாட்டாங்கன்னு உனக்குத் தெரியாது?”

எங்கள் வீட்டில் படம் மாட்டுவதில்லை. காலண்டரில்கூடத் தேதி மட்டும்தான் இருக்கும். அம்மாவுக்குக் கோபம் வந்தது படத்தினால்தான் என்று நான் நினைத்தேன். அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. அத்தா சோற்றில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார்.

வீட்டில் இடம் கிடைக்காத அட்டையை மாமா வெட்டியெடுத்து ஜீப்பின் கண்ணாடிக்கு மேலே ஒட்டிவிட்டார். வீட்டில் படம் இருந்தால் நம்மைக் காக்கிற வானவர்களான மலக்குகள் வீட்டுக்கு வரமாட்டார்கள் என்றால், ஜீப்பில் படம் இருந்தால் ஜீப்புக்கும் வரமாட்டார்கள். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் மாமாவுக்குத் துணை யார்?

இதற்கு மேல் தெளிவு வேண்டி, காலையில் பள்ளிவாசலில் எங்களுக்கு ஓதிக்கொடுக்கும் ஹஜரத்திடம், யார் எவர் என்று சொல்லாமல், உருவம் வரைந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். நல்ல மனிதர். குழந்தைகளை அடிக்கமாட்டார். அன்பாகத்தான் சொன்னார்.

“வரஞ்சவங்களப் பாத்து, இதுக்கு உசுரு குடுன்னு மறுமையில அல்லா கேப்பான் கண்ணு. அவங்களால குடுக்க முடியுமா? உசுரு குடுக்கறது அவன் ஒருத்தன் வேலை.”

உயிர் கொடுப்பவன் இறைவன், மனிதன் தலைக்கனம் கொள்ளக்கூடாது என்பதுதான் அவர் சொன்னது. எனக்குக் கேட்டது வேறு. ஓவியரிடம் உயிர் கேட்பார்கள், அவரிடம் இருக்காது, அவர் எங்கே போவார்? யாருடைய முகத்தை வரைந்தாரோ அவரிடமிருந்துதானே எடுத்துக்கொடுப்பார்? அதற்குத்தான் மாமாவின் வெள்ளைப் பொத்தானைக்கூட விடாமல் வரைந்துகொண்டு போயிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

போதாததற்கு ஒரு மரம் வேறு. அதே ஓவியர் முந்தைய புத்தகம் ஒன்றில் பஸ் நிற்கும் இடத்துப் பெரிய சில்வர் ஓக் மரத்தை வரைந்து, அதன் உச்சியில் ஒரு திருடனை உட்காரவைத்திருந்தார். அந்த ஐப்பசி மழையில் மரம் வேரோடு சாய்ந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் ஒன்பது வயதில் காக்கையை யார் நம்புவார்கள்? அவர் வரைந்தால் விழும் என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

இதையெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்பது ஒரு பயம். சொன்ன வாய் மூடுவதற்குள் நடந்துவிடும் என்பது அதைவிடப் பெரிய பயம். புத்தகத்தின் இன்னொரு பிரதியை மாமா எனக்கென்று வாங்கித் தந்திருந்தார். அதைத் துணிப்பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்து, தனியாக இருக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பேன். ஒரு நாள் பார்த்துக்கொண்டே இருந்தபோது சட்டென்று ஒன்று தெரிந்தது. ஜீப்புக்குள் வேறு யாருமே இல்லை. மாமா தனியாக வந்து தனியாக விழுகிறார்.

அப்படியென்றால் நான் ஜீப்பில் உட்கார்ந்திருக்கும்வரை இந்தப் படம் நடக்க முடியாது.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. இனி மாமாவின் உயிர் என் பொறுப்பு.

கோடை விடுமுறை. மாமா தினமும் செம்மநத்தத்துக்கு அரிசி, மண்ணெண்ணெய், சிமெண்டு மூட்டை என்று ஏற்றிப்போய், திரும்பும்போது பலாப்பழம் கொண்டுவருவார். நடுவில் கை காட்டுகிறவர்களையும் ஏற்றிக்கொள்வார். நானும் கூடப் போகட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். கிடைக்காது என்று தெரிந்தேதான் கேட்டேன். பெண் பிள்ளையை லோடு ஜீப்பில் அனுப்புகிற வீடா எங்களுடையது? அம்மா ஜீப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தூக்குப்போசியில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள்.

“புள்ள இருக்குது. பாத்து மெதுவா ஓட்டு” என்று மாமாவிடம் சொன்னாள்.

அவ்வளவு சுலபமாகக் காரியம் முடிந்ததில் எனக்கு என் சாமர்த்தியத்தின் மேலேயே மதிப்பு வந்துவிட்டது.

அதன்பிறகு தினமும் போனேன். முன் சீட்டில், பள்ளம் இருக்கும் பக்கமாக உட்கார்ந்துகொள்வேன். தலைக்கு மேலே அந்தப் படம். கீழே சாலையின் விளிம்பு, அதற்கும் கீழே காப்பித் தோட்டத்தின் மர உச்சிகள். மாமா ஒற்றைக் கையால் ஓட்டுவார், மற்றக் கையால் எதிரே வருகிற ஊர் முழுவதற்கும் சலாம் வைப்பார், வளைவுகளில் சீட்டியடிப்பார்.

“ரெண்டு கையாலயும் புடிங்க மாமா.”

“ஏனுங்க அம்மணி, நீங்க ஓட்டறீங்களா?”

கிண்டல் செய்தாலும் பிடித்துக்கொள்வார். நான் எனக்குத் தெரிந்த சின்னச் சின்ன குர்ஆன் சூராக்களையெல்லாம் உதட்டுக்குள் ஓதிக்கொண்டே வருவேன். தெரிந்தது கொஞ்சம்தான். தீர்ந்ததும் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். வீட்டுக்கு வந்து படுத்தாலும் கட்டில் வளைந்து வளைந்து போகும்.

ஒரு நாள் திரும்பி வரும்போது மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. முன்னால் சாலை இருப்பதே நம்பிக்கையின் பேரில்தான். குறுகலான ஓர் இடத்தில் எதிரே இன்னொரு ஜீப் வந்துவிட, மாமா பின்னால் எடுத்தார். மழையில் ஊறியிருந்த மண் பின்சக்கரத்துக்குக் கீழே நழுவியது. ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பலாப்பழங்கள் எல்லாம் உருண்டு பின்னால் போய் முட்டின. ஒன்று வெளியே விழுந்தது.

விழுந்த சத்தத்துக்காக நான் காத்திருந்தேன். வரவே இல்லை.

மாமா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. எதிரே வந்த ஜீப்காரர்கள் இறங்கி ஓடிவந்து முன்னாலிருந்து பிடித்து இழுக்க, இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, அங்குலம் அங்குலமாக மேலே ஏற்றினார். நான் மட்டும் ஜீப்பில் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியும்.

“அக்காகிட்ட சொல்லீராத கண்ணு” என்றார் மாமா, ஊர் வந்த பிறகு.

சொல்லவில்லை. ஆனால் அம்மா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். எங்கள் தலையில் கைவைத்து எதையோ ஓதி ஊதினாள். முதலில் மாமாவுக்கு, பிறகு எனக்கு. மறுநாளும் தூக்குப்போசியில் சோறு தயாராக இருந்தது.

இப்படி எத்தனை நாள் ஓட்டுவது? பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் மாமா கதி என்ன? இந்தக் கவலையில் நான் இளைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஓவியரே ஊருக்கு வரப்போகிறார் என்று தெரிந்தது. கோடை விழாவுக்கு ஊர் நிறையக் கூட்டம் வரும் சமயத்தில், ஏரிப்பக்கத்து லாட்ஜ் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் சித்திரக்கதை வாசகர் சந்திப்பு. ஓவியர்கள் வந்து கையெழுத்துப் போட்டுத் தருவார்களாம். அட்டைப்பட நாயகர் அவசியம் வர வேண்டும் என்று மாமாவுக்குத் தனியாக ஆள் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நானும் போனேன். ஒரே ஒரு பயம்தான். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டால் என்னையும் வரைந்துவிடுவாரே! அம்மாவின் பழைய துப்பட்டியைத் தலையோடு முகத்தையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு, ஒற்றைக் கண்ணை மட்டும் வெளியே விட்டிருந்தேன். புத்தகம் துப்பட்டிக்குள் இருந்தது. குளிரா என்று மாமா கேட்டார். ஆமாம் என்றேன்.

இத்தனை பெரியவர்கள் சித்திரக்கதை படிக்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மீசை வைத்தவர்கள், பேங்க் உத்தியோகஸ்தர்கள், ஈரோட்டிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் பஸ் பிடித்து வந்த கல்லூரிப் பையன்கள். வயர் கூடைகளில் பழைய புத்தகங்களைக் கொண்டுவந்து, மாடு பிடிக்கிற சந்தை மாதிரி பேரம் பேசி மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆளாளுக்குக் கையில் கலர்த்தாள் வைத்த ஆட்டோகிராஃப் புத்தகம். சுவரோரம் நீள மேசை போட்டு டேலியாப் பூ ஜாடிக்குப் பின்னால் மூன்று ஓவியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர்தான் அவர். குரங்குக் குல்லாவும் மஃப்ளரும் போட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வரைந்துகொண்டிருந்தார். உயிர் எடுக்கிறவருக்கு ஜலதோஷம் பிடிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதனால் பயம் குறையவும் இல்லை.

கையெழுத்துக்குக் கீழே கேட்டவர் கேட்ட உருவத்தைத் தூரிகையால் போட்டுக்கொடுத்தார். ஒருவர் குதிரை கேட்டார், ஒருவர் துப்பாக்கி கேட்டார். “எனக்கு ஒரு மண்டையோடு சார்” என்று சிரித்துக்கொண்டே நீட்டினான் ஒரு பையன். அவரும் சிரித்துக்கொண்டே வரைந்து கொடுத்தார். நான் மாமாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

இதற்குள் மாமாவை அடையாளம் கண்டுகொண்டுவிட்டார்கள்.

“சார், விழறவர் நீங்கதானுங்களே?”

“நானேதானுங்க!”

கூட்டம் மொய்த்துக்கொண்டது. பின்னட்டைப் படத்தை நீட்டி, அதன் கீழேயே ஒரு கையெழுத்துக் கேட்டார்கள். மாமா பேனாவை வாங்கி, நாக்கைத் துருத்திக்கொண்டு, எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் போட ஆரம்பித்தார். விழுந்துகொண்டிருக்கிற தன் உருவத்துக்கு நேர் கீழே!

எனக்கு உலகமே நின்றுவிட்டது. கடையில் யாராவது ஒரு தாளில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் அத்தா சொல்வார், போட்டால் போட்டதுதான், அப்புறம் மாற்ற முடியாது என்று. மாமா தன் சாவுக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றில் மட்டுமல்ல. ஒவ்வொரு பிரதியிலும்.

நான் வரிசையைப் பிளந்துகொண்டு ஓடினேன். யாரோ காலை மிதித்தார்கள், யாரோ “ஏய் பாப்பா, லைன்ல வா” என்று அதட்டினார்கள். மேசையில் முட்டிக்கொண்டு நின்றேன்.

“என்னம்மா, ஆட்டோகிராஃபா?” என்றார் ஓவியர். “முகமே தெரியலையே. யார் நீ?”

நான் துப்பட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டேன். “எங்க மாமாவச் சாவடிச்சுடாதீங்க.”

“எந்த மாமா?”

புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைக் காட்டினேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். “விழுந்துதானே ஆகணும்மா? விழலைன்னா புத்தகம் விற்காதே.”

“வேற படம் வரைங்க.”

“அது அச்சாகி ஊரெல்லாம் போயிடுச்சேம்மா.”

அவ்வளவுதான். நான் அழுத அழுகையில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். முகத்தை மறைக்க வேண்டும் என்பதுகூட மறந்துபோனது. மலக்குமார், மரம், மறுமையில் கேட்கப்போகிற உயிர், அதை மாமாவிடமிருந்து எடுத்துக்கொடுக்கப்போவது, எல்லாவற்றையும் விக்கி விக்கிக் கொட்டிவிட்டேன். ஓவியர் தூரிகையைக் கீழே வைத்தார். குல்லாவைக் கழற்றினார். சுற்றி நின்றவர்களில் யாரோ மறுபடி சிரிக்கப்போக, அவர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார்.

“இங்கே பாரும்மா” என்றார். “நான் உங்க மாமாவுக்குக் கொடுத்தது வெறும் மை. அவர்கிட்டேயிருந்து எதையும் எடுத்துக்கலை. எனக்கு எடுக்கவும் தெரியாது.”

நான் நம்பவில்லை. அது அவருக்கும் தெரிந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, தொழில் ரகசியம் சொல்கிறவர் மாதிரி குரலைத் தாழ்த்தினார்.

“எங்க வேலையில அட்டை முதல்ல, கதை அப்புறம். அட்டையை வரைஞ்சு அனுப்பிடுவேன். உள்ளே என்ன நடக்கும்னு யாரும் இன்னும் எழுதக்கூட இல்லை. ஆனா ஒண்ணு மட்டும் நிச்சயம். இத்தனை வருஷமா வரையறேன், என் அட்டையில விழுந்தவன் ஒருத்தன்கூட உள்ளே செத்ததில்லை.”

“அப்ப கீழ விழுந்தா என்ன ஆவும்?”

அவர் என் புத்தகத்தை இழுத்துவைத்துக்கொண்டார். வெள்ளை மையும் கறுப்பு மையும் எடுத்து, மாமா விழுகிற பள்ளத்தின் அடியில், அட்டையில் மிச்சம் இருந்த இடத்தில், ஒரு லாரியை வரைந்தார். லாரி நிறைய வைக்கோல், மலைமலையாக. மாமா எந்தப் பக்கம் விழுந்தாலும் அதன்மேல்தான் விழவேண்டும். கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

“நானும் போட்டுட்டேன். போதுமா?”

போட்டால் போட்டதுதான். மூச்சு வந்தது. பின்னாலிருந்து எட்டிப்பார்த்த மாமா, “ஏனுங்க, அப்ப என்ற ஜீப்பு?” என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் அழுகையோடு சிரித்தேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் வீட்டுக்கு வந்தோம். அம்மா அடுப்படியில் இருந்தாள். இனி பயமில்லை என்ற தைரியத்தில், நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்லிப் புத்தகத்தையும் காட்டினேன். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். அம்மா சேலைத்தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, படமே பார்க்காத அம்மா, புத்தகத்தை வாங்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். வைக்கோல் லாரியின்மேல் சுண்டுவிரலை வைத்து மெல்லத் தேய்த்தாள்.

“காஞ்சிருச்சா? அழியாதுல்ல?”

“அழியாதும்மா.”

“உள்ள ஒருத்தனும் சாவறதில்லைன்னு அவரு வாயாலயே சொன்னாரா? நல்லாக் கேட்டியா?”

“நல்லாக் கேட்டம்மா.”

“இன்னொருக்காச் சொல்லு.”

சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லும்போது அப்படியே கீழே உட்கார்ந்து, என்னை மடியில் இழுத்துப் போட்டு இறுக்கிக்கொண்டாள். எனக்கு மூச்சுத் திணறியது.

“நாளையிலிருந்து நீ ஜீப்புல போவ வேண்டாம் கண்ணு” என்றாள். “நொம்பப் பெரிய பாவம் பண்ணிட்டன்.”

என்ன பாவம் என்று எனக்குப் புரியவில்லை. படத்தைத் தொட்டுப் பார்த்ததைத்தான் சொல்கிறாள் என்று எண்ணி, அதற்கெல்லாம் அல்லா கோபித்துக்கொள்ளமாட்டான் என்று ஹஜரத் மாதிரி அவளுக்குச் சமாதானம் சொன்னேன். பிள்ளை ஏறியிருந்தால் தம்பி மெதுவாக ஓட்டுவான் என்று, பெற்ற மகளைத் தினமும் அந்தப் பள்ளத்தின் ஓரத்துக்கு அவளே சோறு கட்டி அனுப்பியிருக்கிறாள் என்பதும், அனுப்பிவிட்டு ஜீப் திரும்புகிறவரை அந்த அடுப்படியில் யாருக்காக முதலில் கையேந்தித் துஆ கேட்பது என்று தெரியாமல் நின்றிருப்பாள் என்பதும் எனக்குத் தெரிய, நானும் ஒரு பிள்ளை பெற்றுப் பார்க்க வேண்டியிருந்தது.